வளை தோண்டி வாழும் விலங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணில் ஒரு துளையைக் கண்டதும் எல்லோர் மனத்திலும் எழும் முதல் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். அதைத் தோண்டியது எது, அந்த உழைப்பு எதற்காக, தோண்டிய விலங்கு போன பிறகு அங்கே குடியேறுவது எது என்ற கேள்விகளும் அதே அளவு கவனத்துக்கு உரியவை. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

வளை, வங்கு, பொந்து, புற்று ஆகிய சொற்கள் எல்லாம் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா?

பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வந்தாலும், தமிழில் இவற்றுக்கிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. எலியும் நண்டும் தோண்டுவது வளை. உடும்பு, நரி, முள்ளம்பன்றி போன்ற சற்றுப் பெரிய விலங்குகள் தங்கும் துளையை வங்கு என்பார்கள். பொந்து என்றால் பெரும்பாலும் மரத்திலோ சுவரிலோ உள்ள துளையே நினைவுக்கு வரும். கரையான்கள் மண்ணைக் குழைத்துத் தரைக்கு மேலே எழுப்புவது புற்று. நண்டின் வளையைச் சங்கப் பாடல்கள் அளை என்று குறிக்கின்றன. இந்தப் பக்கத்தில் வளை என்ற சொல்லையே பொதுச்சொல்லாகக் கொண்டு, ஒரு விலங்கு மண்ணில் தானே தோண்டிய எல்லாத் துளைகளையும் அதனால் குறிக்கிறோம். இயற்கையாக உருவான குகைகளும் பாறை இடுக்குகளும் இதில் சேரா.

இவ்வளவு பாடுபட்டு மண்ணுக்குள் வாழ வேண்டிய தேவை என்ன?

பகைக்கு அஞ்சி ஒளிந்துகொள்வதற்காக என்பது பாதி விடைதான். மீதிப் பாதி வெப்பநிலையில் இருக்கிறது. மண் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆகவே நண்பகலில் தரை கொதித்தாலும், நள்ளிரவில் குளிர்ந்தாலும், ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்தில் அந்த நாளின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தெரிவதில்லை. இன்னும் சில மீட்டர் கீழே போனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான வேறுபாடே மங்கிவிடுகிறது. தோல் காய்ந்துவிடாத அளவுக்கு ஈரப்பதமும் அங்கே நிலைத்து நிற்கிறது. தரைக்கு மேலே உயிர் வாழவே முடியாத ஒரு பகற்பொழுதை, சில அடி கீழே ஒரு சிறு விலங்கு அமைதியாக உறங்கிக் கழிக்க முடிவது இதனால்தான்.

வட அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் கங்காரு எலி இதற்குத் தெளிவான சான்று. தண்ணீர் குடிக்காமலேயே வாழக்கூடிய இந்த விலங்குக்கு, உண்ணும் விதைகள் உடலுக்குள் எரியும்போது உண்டாகும் நீரே பெரும்பாலும் போதுமானது. பகலில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்வதால், அது வெளிவிடும் மூச்சிலுள்ள ஈரம் வீணாகாமல் உள்ளேயே தங்குகிறது. சேமித்து வைத்த விதைகள் அந்த ஈரத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ள, அவற்றை உண்ணும்போது அது மீண்டும் உடலுக்குத் திரும்புகிறது. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் உடல் இந்த எலிக்கு உண்டு என்றாலும், அந்தச் சிக்கனத்தை முழுமையாக்குவது அதன் வளையே.

விலங்குகள் எந்த உறுப்பைக் கொண்டு தோண்டுகின்றன?

முன்னங்கால் நகங்களால் மண்ணைப் பிறாண்டிப் பின்னால் தள்ளுவது மிகப் பரவலான முறை. நீர்நாய்க்கு உறவான பேட்ஜர், அழுங்கு, ஓடு போர்த்திய உடலுள்ள ஆர்மடில்லோ, ஆஸ்திரேலியாவின் வாம்பட் ஆகியவை இவ்வாறே தோண்டுகின்றன. வாம்பட்டும் கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கு. ஆனால் அதன் பை பின்புறம் நோக்கித் திறந்திருப்பதால், தாய் தோண்டும்போது பறக்கும் மண் குட்டியின் மேல் விழுவதில்லை.

இரண்டாவது முறை பற்களால் தோண்டுவது. கிழக்கு ஆப்பிரிக்காவின் உரோமமற்ற துன்னெலிக்கு வெட்டுப்பற்கள் உதடுகளுக்கு வெளியே அமைந்திருக்கின்றன. பற்களுக்குப் பின்னால் உதடுகள் மூடிக்கொள்வதால், வாய்க்குள் மண் போகாமல் மண்ணைக் கடித்துப் பெயர்க்க அதனால் முடிகிறது. தேய்ந்துகொண்டே இருக்கும் அந்தப் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன.

மூன்றாவது முறை, மோல் என்னும் அகழெலியுடையது. பெயரில் எலி இருந்தாலும் இது எலியினத்தைச் சேர்ந்ததன்று, மூஞ்சூறுக்கு உறவானது. நீந்துபவர் கைகளை அகல வீசுவது போல, வெளிநோக்கித் திரும்பிய அகன்ற உள்ளங்கைகளால் இது மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்குகிறது. மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, கூடுதல் கட்டைவிரல் போல வளர்ந்திருப்பது உள்ளங்கையை மேலும் அகலமாக்குகிறது. அதன் உரோமம் எந்தப் பக்கம் தடவினாலும் படியும் என்பதால், குறுகிய சுரங்கத்தில் முன்னோக்கி நகர்வதைப் போலவே பின்னோக்கியும் எளிதாக நகர முடிகிறது.

தோண்டுதல் மிகக் கடினமான வேலை என்பதை மறந்துவிடக் கூடாது. வட அமெரிக்காவின் கோஃபர் என்னும் கொறிணியை ஆராய்ந்து 1979இல் வெளியான கணக்கீடு, தரையில் ஒரு மீட்டர் நடப்பதைவிட மண்ணுக்குள் ஒரு மீட்டர் தோண்டிச் செல்வதற்கு 360 முதல் 3,400 மடங்கு வரை ஆற்றல் செலவாகலாம் என்று காட்டியது. ஆகவே எந்த விலங்கும் காரணமின்றி ஓர் அடிகூடத் தோண்டுவதில்லை.

தோண்டிய மண் எங்கே போகிறது?

ஒரு பகுதி சுரங்கத்தின் சுவரிலேயே அழுத்தப்படுகிறது. மற்றது வெளியே வருகிறது. அகழெலி இடையிடையே மேல்நோக்கிச் செங்குத்தாக ஒரு வழி திறந்து மண்ணைத் தள்ளுவதால், புல்வெளிகளில் வரிசையாகச் சிறு மண்குவியல்கள் தோன்றுகின்றன. உரோமமற்ற துன்னெலிகள் இதைக் கூட்டாகச் செய்கின்றன: முன்னால் ஒன்று கடித்துத் தோண்ட, அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை மண்ணைக் கால்களால் பின்னுக்குத் தள்ள, கடைசியில் நிற்பது அதை வாயிலுக்கு வெளியே உதைத்து வீசுகிறது. அந்தக் கடைசி இடம்தான் ஆபத்தானது; வெளியே காத்திருக்கும் பாம்பின் பார்வைக்கு முதலில் படுவது அதுவே.

மண்ணை வெளியே கொண்டுவராமலே வாழ்பவையும் உண்டு. நமீப் பாலையின் தங்க அகழெலி தளர்ந்த மணலுக்குள் நீந்துவது போலச் செல்கிறது. அது கடந்ததும் மணல் சரிந்து வழி மூடிவிடுகிறது. இந்தத் தங்க அகழெலிக்கும் ஐரோப்பிய அகழெலிக்கும் உருவத்தில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் நெருங்கிய உறவு இல்லை. மரபுவழியில் தங்க அகழெலி யானைக்கே அதிக நெருக்கமானது. ஆஸ்திரேலியாவிலோ, வயிற்றுப் பை கொண்ட விலங்குகளிலிருந்து இதே வடிவம் தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒரே மண், ஒரே வேலை என்னும்போது உடலும் ஒரே வடிவுக்கு வந்து சேர்ந்திருப்பது, பரிணாமம் குறித்து அறியக் கிடைக்கும் மிக அழகான சான்றுகளில் ஒன்று.

உள்ளே மூச்சு முட்டாதா?

மூடிய சுரங்கத்தில் பல உயிர்கள் சேர்ந்து மூச்சுவிட்டால் ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு பெருகும் என்பது உண்மைதான். இதை விலங்குகள் இரண்டு வழிகளில் சமாளிக்கின்றன: ஒன்று, வளையின் அமைப்பை மாற்றுவது, மற்றொன்று, உடலின் அமைப்பே மாறியிருப்பது.

முதல் வழிக்குச் சிறந்த சான்று வட அமெரிக்கப் புல்வெளிகளின் பிரெய்ரி நாய்கள். பெயர் இப்படி இருந்தாலும் இவை அணில் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் இருக்கும்; ஒரு வாயிலைச் சுற்றித் தாழ்வான, வட்டமான மேடும், மற்றொன்றைச் சுற்றி உயரமான, விளிம்பு கூர்மையான மேடும் அமைந்திருக்கும். தரையை ஒட்டி வீசும் காற்று மெதுவாகவும், சற்று உயரத்தில் வீசுவது வேகமாகவும் இருப்பதால், உயர்ந்த வாயிலுக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்று அதன் வழியே வெளியே இழுக்கப்படுகிறது. தாழ்ந்த வாயில் வழியே புதிய காற்று உள்ளே நுழைகிறது. மெல்லிய காற்று வீசினாலே வளை முழுவதும் காற்றோட்டம் பெறும் என்பதை 1973இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. அந்த மேடுகள் கலைந்தால் பிரெய்ரி நாய்கள் அவற்றைத் திரும்பவும் கட்டியெழுப்புகின்றன.

இரண்டாவது வழியை அகழெலியின் இரத்தத்தில் காணலாம். அதன் ஹீமோகுளோபின் குறைந்த ஆக்சிஜனையும் இறுகப் பற்றிக்கொள்ளக்கூடியது. உரோமமற்ற துன்னெலி இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆக்சிஜன் அறவே இல்லாத காற்றில் அது 18 நிமிடங்கள் வரை தாக்குப்பிடித்து, பின்னர் பாதிப்பின்றி மீண்டதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வழக்கமான குளுக்கோஸுக்குப் பதிலாக, ஆக்சிஜன் தேவைப்படாத முறையில் ஃபிரக்டோஸை எரித்து மூளையையும் இதயத்தையும் அது காத்துக்கொள்கிறது.

இருட்டில் வழியை எப்படி அறிகின்றன?

கண்ணால் அல்ல. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைநாடுகளில் வாழும் குருட்டுத் துன்னெலியின் கண்களைத் தோல் முழுவதுமாக மூடியிருக்கிறது. அந்தக் கண்களால் உருவங்களைக் காண முடியாது. ஆயினும் பகலின் நீளத்தை உணர்ந்து உடலின் நாள்கணக்கைச் சரிசெய்ய அவை இன்னும் பயன்படுகின்றன. அண்டை வளையில் இருக்கும் தன்னினத்தோடு பேச, இது சுரங்கத்தின் கூரையில் தலையால் தட்டுகிறது. அந்த அதிர்வு மண் வழியே பரவுகிறது. நெடுந்தொலைவு செல்லும்போது பூமியின் காந்தப்புலத்தைத் திசைகாட்டியாகக் கொள்கிறது என்பதும் 2004இல் சோதனை மூலம் காட்டப்பட்டது.

தொடுவுணர்வில் தலைசிறந்தது வட அமெரிக்காவின் நட்சத்திரமூக்கு அகழெலி. அதன் மூக்கைச் சுற்றி 22 சதைவிரல்கள் இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் அளவேயான அந்தப் பரப்பில் ஏறத்தாழ 25,000 நுண்ணிய தொடுவுறுப்புகள் உள்ளன. இரையைத் தொட்டு, அடையாளம் கண்டு, விழுங்கி முடிக்க இதற்குச் சராசரியாகக் கால் நொடிகூட ஆவதில்லை.

வளைக்குள் அறைகள் இருக்குமா?

எளிய வளை என்றால் ஒரு வழியும் அதன் முடிவில் ஓர் உறங்கும் குழியும் மட்டுமே இருக்கும். பெரிய வளைகளில் வேலைக்குத் தகுந்த பிரிவுகள் காணப்படுகின்றன. உரோமமற்ற துன்னெலிக் கூட்டத்தில் சராசரியாக 70 முதல் 80 விலங்குகள் இருக்கும். சில கூட்டங்களில் 300 வரை இருப்பதுண்டு. அங்கே உறங்கும் அறையும் கழிப்பறையும் தனித்தனி. தேனீக்களைப் போல இந்தக் கூட்டத்திலும் ஒரே ஓர் அரசிதான் குட்டி ஈனும். மற்றவை தோண்டுவதும் காப்பதும் வளர்ப்பதுமாக வாழும். பாலூட்டிகளிலும் இத்தகைய சமூகம் உண்டு என்பதை ஜெனிஃபர் ஜார்விஸ் என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்டபோது அது விலங்கியலில் பெரும் வியப்பை உண்டாக்கியது. எலி அளவேயான இந்த விலங்கு 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய அகழெலி தன் வளையில் மண்புழுக்களைச் சேமித்து வைக்கிறது. தலைப்பகுதியைக் கடித்துவிடுவதால் அவை நகர முடியாமல், ஆனால் உயிரோடும் கெடாமலும் இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் கிடைத்திருக்கின்றன. பேட்ஜர்களோ தூய்மைக்குப் பெயர்பெற்றவை. படுக்கைக்கு வேண்டிய உலர்ந்த புல்லை மார்போடு அணைத்துப் பின்னோக்கி நடந்தே இழுத்துவரும். பழையதை வெளியே எறியும். கழிப்பதற்கு வெளியே தனிக் குழி வைத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக ஒரே வளையை விரிவாக்கிக்கொண்டே போவதால், நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ள பேட்ஜர் வளைகள் உண்டு.

பாம்புகள் வளை தோண்டுமா?

பெரும்பாலான பாம்புகள் தோண்டுவதில்லை. கையும் நகமும் இல்லாத உடலுக்கு இறுகிய மண்ணைப் பெயர்ப்பது இயலாத வேலை. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது போல என்ற பழமொழி விலங்கியல் நோக்கில் மிகச் சரியானது: நல்ல பாம்பு, சாரை போன்றவை கரையான் புற்றிலும் எலி வளையிலும் தங்குமிடத்தையும் இரையையும் தேடியே நுழைகின்றன. விதிவிலக்குகளும் உண்டு. குருட்டுப் பாம்பும் மண்ணுளிப் பாம்பும் தளர்ந்த மண்ணுக்குள் புகுந்து செல்லும் வகையில் தலை அமைந்தவை. வட அமெரிக்காவின் பைன் பாம்பு, முட்டையிடுவதற்காக மணலில் தானே குழி தோண்டுகிறது.

முயல்கள் எல்லாம் வளையில்தான் வாழ்கின்றனவா?

இல்லை. தமிழில் முயல் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுபவற்றில் இரு பிரிவுகள் உள்ளன. ஐரோப்பிய முயல் கூட்டமாக வளை தோண்டி வாழ்வது. அதன் குட்டிகள் கண் திறக்காமலும் உரோமம் இல்லாமலும் பிறப்பதால் அவற்றுக்கு வளையின் காப்பு தேவை. இந்தியாவில் காணப்படும் காட்டு முயல் மற்றொரு பிரிவைச் சேர்ந்தது. அது வளை தோண்டுவதில்லை, புல்லுக்கிடையே ஒரு சிறு பள்ளத்தில் படுத்திருக்கும். அதன் குட்டிகள் கண் திறந்து, உரோமத்தோடு, பிறந்த சில நாட்களிலேயே ஓடக்கூடியவையாக இருக்கின்றன.

பாலூட்டிகளைத் தவிர வேறு எவை மண்ணுக்குள் வாழ்கின்றன?

எண்ணிக்கையில் பார்த்தால் பாலூட்டிகள்தான் சிறுபான்மை. தேனீ என்றதும் மரத்தில் தொங்கும் கூடு நினைவுக்கு வந்தாலும், உலகின் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் துளையிட்டுத் தனித்து வாழ்பவை. பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் மண்கரைகளில் சுரங்கம் அமைத்து அதன் முடிவில் முட்டையிடுகின்றன. அமெரிக்கக் கண்டங்களின் வளை ஆந்தை பெரும்பாலும் பிற விலங்குகள் விட்டுச்சென்ற வளையில் குடியேறி, வாயிலைச் சுற்றிச் சாணத்தைக் கொண்டுவந்து பரப்புகிறது. அந்தச் சாணத்தைத் தேடி வரும் வண்டுகள் அதற்கு உணவாகின்றன என்பது 2004இல் நடந்த சோதனையில் உறுதியானது. அதன் குஞ்சுகள் அச்சுறும்போது, கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) வாலை ஆட்டுவது போன்ற ஓசையை எழுப்புகின்றன.

பிள்ளைப்பூச்சியின் வளை கட்டடக் கலைக்கு ஒரு பாடம். ஆண் பூச்சி பெண்ணை அழைக்கும் ஓசை பெருகி ஒலிப்பதற்காக, வளையின் வாயைக் கொம்பு வாத்தியத்தின் வாயைப் போல விரித்து அமைக்கிறது. இசைக்கருவியையே வீடாகக் கட்டிக்கொள்ளும் உயிர் இது.

சிலந்திகளில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974 முதல் கதவுச் சிலந்திகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார். வளையின் வாயில் மூடி போன்ற ஒரு கதவை அமைத்து, உள்ளிருந்து இரைக்குக் காத்திருப்பவை இவை. இளம் வயதில் ஓரிடத்தில் வளை அமைத்துக்கொண்ட பெண் சிலந்தி அதைவிட்டு அகல்வதே இல்லை. 16 என்ற எண் கொடுக்கப்பட்ட ஒரு சிலந்தி அதே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்தது. 2016இல் பார்த்தபோது கதவு ஒட்டுண்ணிக் குளவியால் துளைக்கப்பட்டிருந்தது, சிலந்தி இல்லை. அறியப்பட்ட சிலந்திகளில் மிக நீண்ட காலம் வாழ்ந்தது அதுவே. அவ்வளவு நீண்ட வாழ்க்கைக்கு அது பயன்படுத்தியது, ஒரு மனித விரல் நுழையக்கூடிய அளவிலான நிலத்தை மட்டுமே.

சில விலங்குகள் மாதக்கணக்கில் வெளியே வருவதில்லை என்பது உண்மையா?

உண்மை. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வாழும் மர்மொட் என்னும் பெரிய தரையணில் குடும்பமாக வளைக்குள் புகுந்து, வாயிலை மண்ணாலும் கற்களாலும் அடைத்துவிட்டு, ஆறு மாதங்களுக்கு மேல் உறங்குகிறது. பெரியவை குட்டிகளோடு நெருங்கிப் படுத்து வெப்பம் தருவதால், முதல் குளிர்காலத்தைக் குட்டிகள் தாண்டுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆப்பிரிக்க நுரையீரல் மீன், குளம் வற்றும்போது சேற்றுக்குள் புகுந்து, தன் உடலிலிருந்து சுரக்கும் கோழையால் ஓர் உறை அமைத்துக்கொண்டு, அடுத்த மழைக்காகக் காத்திருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை இதற்கு நேர்மாறான கணக்குடையது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் அதன் இயல்பு வாழ்க்கை. கரையான்களை அங்கேயே உண்டு வாழும் அது, பருவமழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்களே வெளிப்படுகிறது. 2003இல் தான் அறிவியல் உலகம் அதற்கு ஒரு பெயர் சூட்டியது. அதன் நெருங்கிய உறவினங்கள் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் நினைவு அது.

மழை வெள்ளம் உள்ளே புகுந்தால் என்ன ஆகும்?

குட்டிகளை இழப்பது உண்டு. ஆனால் பல விலங்குகள் இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கின்றன. வாயிலைச் சுற்றி மேடு கட்டுதல், சரிவான இடத்தைத் தேர்தல், உறங்கும் அறையை வழியைவிடச் சற்று உயரத்தில் அமைத்தல் ஆகியவை பரவலான முறைகள். கடற்கரைச் சேற்றில் வாழும் பிடில் நண்டுகள் ஓதம் ஏறும்போது வாயிலைச் சேற்றால் அடைத்து, உள்ளே காற்றைத் தேக்கிக்கொள்கின்றன.

எவ்வளவு ஆழம் வரை தோண்டுகின்றன?

இனத்துக்கு இனம் மாறும். ஆஸ்திரேலியாவின் மஞ்சள்புள்ளி உடும்பு முட்டையிடுவதற்காகச் சுருள் வடிவில் 3 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. நீண்ட வறட்சியைத் தாங்கி முட்டைகள் பொரிய வேண்டும் என்பதால் ஈரம் நிலைக்கும் ஆழத்தை அது நாடுகிறது. பொரிந்த குஞ்சுகள் அந்த ஆழத்திலிருந்து தாமே மேல்நோக்கித் தோண்டிக்கொண்டு வெளிவருகின்றன.

ஒரு வளையில் பல விலங்குகள் சேர்ந்து வாழ்வதுண்டா?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நாம் கருதுகிறோம். வளை தோண்டத் தெரிந்த விலங்குகள் சில. வளை தேவைப்படும் விலங்குகள் பல. ஆகவே ஒன்று தோண்டுவதில் பல வாழ்கின்றன. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் கோஃபர் ஆமையின் வளைகளில் தவளை, பாம்பு, எலி, பூச்சி என 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள் தங்குவது பதிவாகியிருக்கிறது. காட்டுத்தீ அடிக்கடி பரவும் அந்தப் பைன் நிலத்தில், தீ மேலே கடந்துபோகும் வரை பகையும் இரையும் ஒரே சுரங்கத்தில் ஒதுங்குகின்றன.

ஆப்பிரிக்காவில் ஆர்ட்வார்க் என்னும் கரையானுண்ணி இதே பணியைச் செய்கிறது. அது கைவிட்ட வளைகளில் வார்ட்ஹாக் பன்றிகள் குடியேறுகின்றன. பெரியவை பின்பக்கமாகவே உள்ளே நுழையும், வாயிலை நோக்கித் தந்தங்கள் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆஸ்திரேலியாவில் 2019–20இல் பெருந்தீ பரவிய பின்னர், வாம்பட்கள் பிற விலங்குகளைத் தம் வளைக்கு அழைத்துச் சென்று காத்தன என்று ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. அது உண்மையன்று, வாம்பட் யாரையும் அழைப்பதில்லை. ஆனால் தீப்பட்ட காடுகளில் பொருத்தப்பட்ட கேமராக்கள், வாம்பட் வளைகளைப் பல விலங்குகளும் பறவைகளும் நாடி வந்ததைக் காட்டின. கற்பனைக் கதையைவிட இந்த உண்மையே நமக்குப் பெரியதாகத் தோன்றுகிறது: எவருக்கும் உதவும் எண்ணம் இல்லாமலேயே தோண்டப்பட்ட ஒரு துளை, ஒரு காட்டின் புகலிடமாகிவிடுகிறது.

இந்தச் சார்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கருங்கால் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கு, பிரெய்ரி நாய்களை உண்டு அவற்றின் வளைகளிலேயே வாழ்வது. விவசாயிகளும் மேய்ப்பர்களும் பிரெய்ரி நாய்களை நஞ்சிட்டு அழித்ததோடு, கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, ஃபெரட் அடியோடு அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் இறந்த ஃபெரட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்ததால்தான், எஞ்சியிருந்த சிறு கூட்டம் தெரியவந்தது. இன்று வாழும் கருங்கால் ஃபெரட்கள் பெரும்பாலும் எல்லாமே அந்தக் கூட்டத்தின் 7 விலங்குகளின் வழித்தோன்றல்கள்.

விலங்குகள் எப்போதிலிருந்து வளை தோண்டுகின்றன?

மிகத் தொன்மைக் காலத்திலிருந்து. எவ்வளவு தொன்மை என்றால், புவியியலாளர்கள் ஒரு காலகட்டத்தின் தொடக்கத்தையே ஒரு வளையை வைத்துக் குறிக்கிறார்கள். ஏறத்தாழ 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடிச் சேற்றில் புழு போன்ற ஓர் உயிர் கிளைகிளையாகத் தோண்டிய தடம், கேம்பிரியன் காலத்தின் தொடக்க அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரைப் பாறையில் அந்த எல்லை 1992இல் அதிகாரபூர்வமாக வரையறுக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, 25 கோடி ஆண்டுப் பழைமையான ஒரு வளையின் கல்லுருவை உடைக்காமல், வலிமை மிக்க எக்ஸ் கதிர்களால் ஊடுருவிப் பார்த்தபோது, உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள் அருகருகே கிடந்தன. ஒன்று பாலூட்டிகளின் தொல்லுறவான திரினாக்ஸோடான். மற்றது விலா எலும்புகள் முறிந்து ஆறிக்கொண்டிருந்த ஒரு நீர்நில வாழ்வி. காயம்பட்ட அயலான் ஒன்று உறங்கிக்கொண்டிருந்த விலங்கின் வளையில் ஒதுங்கியிருக்க, வெள்ளச் சேறு இரண்டையும் மூடியிருக்க வேண்டும் என்று 2013இல் ஆய்வாளர்கள் விளக்கினர். வளையைப் பகிரும் வழக்கம் அவ்வளவு பழையது.

டைனோசர்களும் தோண்டியிருக்கின்றன: அமெரிக்காவின் மொன்டானாவில், ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வளைக்குள் ஒரு பெரிய டைனோசரும் இரண்டு குட்டிகளும் கிடைத்ததை 2007இல் அறிவித்தார்கள். நெப்ராஸ்காவில் நிலத்துக்குள் திருகாணி போல இறங்கும் கல்லுருக்கள் நெடுங்காலம் புதிராக இருந்தன. 1890களில் அவற்றை முதலில் கடற்பஞ்சு என்றும் பின்னர் தாவரம் என்றும் விளக்கினார்கள். இறுதியில், சுவரில் பதிந்திருந்த பல்தடங்களும் அடியில் கிடைத்த எலும்புக்கூடுகளும், அவை பீவர் என்னும் கொறிணியின், நிலத்தில் வாழ்ந்த தொல்லுறவு ஒன்றின் வளைகள் என்று காட்டின.

வளைகளால் மண்ணுக்கு நன்மையா, தீமையா?

இரண்டும் உண்டு, எடை போட்டால் நன்மையே மிகுதி. கீழ்மண்ணை மேலே கொணர்ந்து, மழைநீரும் காற்றும் இறங்க வழி திறப்பது ஒரு வகையான உழவே. மண்புழுக்கள் நிலத்தின் மேற்பரப்பையே மாற்றியமைக்கின்றன என்பதை 1881இல் சார்லஸ் டார்வின் ஒரு முழு நூலாக எழுதிக் காட்டினார். 1980 மே 18இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து நிலத்தைச் சாம்பலால் மூடியபோது, மண்ணுக்கடியில் இருந்த கோஃபர்களில் பல உயிர் தப்பின. அவை மீண்டும் தோண்டத் தொடங்கியதும், சாம்பலுக்கு மேலே வந்த பழைய மண்ணோடு விதைகளும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் வந்தன. செடிகள் வேர்பிடிக்க அந்த மண்குவியல்கள் இடம் தந்தன.

தீமை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஏரிக்கரையிலும் அணைக்கட்டிலும் எலியும் நண்டும் இடும் துளைகள் நீர்க்கசிவுக்கு வழிவகுக்கும். வயல் எலிகள் கதிர்களை அறுத்து வளைக்குள் குவிக்கும். அத்தகைய இடங்களில் கட்டுப்பாடு தேவைதான். அந்தத் தேவையை, எல்லாத் துளைகளையும் அடைப்பதற்கான நியாயமாக விரிக்கக் கூடாது. அழுங்கு போன்ற விலங்குகள் செதிலுக்காக வேட்டையாடப்பட்டு அருகி வருகின்றன. 2016இல் எட்டு அழுங்கு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத்தடை முடிவானது. ஓர் அழுங்கு மறையும்போது, அது தோண்டியிருக்கக்கூடிய வளைகளும் அவற்றில் வாழ்ந்திருக்கக்கூடிய உயிர்களும் சேர்ந்தே மறைகின்றன.

ஒரு வளையில் விலங்கு இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? அதை அடைக்கலாமா?

வாயிலில் புதிதாகத் தள்ளப்பட்ட ஈரமண், தெளிவான கால்தடம், எச்சம், உரசி வழவழப்பான விளிம்பு ஆகியவை இருந்தால் விலங்கு இருப்பதாகக் கொள்ளலாம். சிலந்தி வலை குறுக்கே பின்னியிருந்தாலோ சருகு நிறைந்திருந்தாலோ, பெரிய விலங்கு அண்மையில் அவ்வழியே போகவில்லை என்று பொருள். ஆனால் சிறியவை இருக்கலாம். மாலையில் வாயிலுக்குக் குறுக்கே சில மெல்லிய குச்சிகளை நட்டுவைத்து, இரண்டு மூன்று நாட்கள் காலையில் போய்ப் பார்ப்பது, விலங்குக்குத் தொல்லை தராத எளிய சோதனை.

கையையோ காலையோ எக்காரணம் கொண்டும் உள்ளே விடக் கூடாது. தோண்டிய விலங்கு சாதுவானதாக இருந்தாலும், இப்போது உள்ளே இருப்பது நஞ்சுள்ள பாம்பாக இருக்கலாம். எலி வளையைச் சுற்றியுள்ள ஈரமண்ணை வெறுங்கையால் தொட்டால், எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் பரவும் வாய்ப்பு உண்டு. புகை போடுவதும் நீர் ஊற்றுவதும் உள்ளிருக்கும் குட்டிகளைக் கொல்லும். தப்பி வெளியே பாயும் விலங்கு அருகில் நிற்பவரைக் கடிக்கவும் கூடும். வீட்டின் அடித்தளத்தை ஒட்டியோ நீர்க்கரையிலோ இருப்பதால் அடைத்தே தீர வேண்டும் என்றால், குட்டி ஈனும் காலம் கடந்த பின்னர், வளை வெறுமையாக இருப்பதைப் பல நாட்கள் உறுதிசெய்துகொண்டு அடைக்க வேண்டும். பெரிய விலங்கின் வளை என்றால் முதலில் வனத்துறையிடம் தெரிவிப்பது முறை. திறந்த வெளியில், யாருக்கும் இடையூறின்றி இருக்கும் வளை என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.